எல்லையைத் தாண்டிய பணமும் எல்லைக்கு அடங்காத சட்டமும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடுவதற்காகச் சென்றிருந்தேன். பேரேட்டையும் நூல் கையிருப்பையும் ஒத்துப் பார்த்து முடித்து, மாலையில் புறப்படும் தறுவாயில், அங்கத்தினரான மூதாட்டி ஒருவர் வாயிற்படியருகே வந்து நின்றார். மடியிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அது ஒரு ரசீது. சங்கத்தில் பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த சிக்கன நிதியிலிருந்து எண்பதாயிரம் ரூபாயை எடுத்து, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி தருவதாகக் கூறிய ஒரு நிறுவனத்தில் அவர் கட்டியிருந்தார். பேத்தியின் கல்யாணத்திற்கென்று வைத்திருந்த பணம் அது. நான்கு மாதங்கள் வட்டி வந்தது. ஐந்தாம் மாதம் வட்டியும் வரவில்லை. வசூலிக்க வந்த ஏஜெண்டும் வரவில்லை.

“ஐயா, அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீஸ் வேறு மாநிலத்தில் இருக்கிறதாம். பணம் எல்லை தாண்டிப் போய்விட்டது, இனிமேல் நம்மூர்ப் போலீஸாரால் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது மெய்தானா?” என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன், அம்மா” என்று மட்டும் கூறி விடைபெற்றேன். வழியெல்லாம் என் மனத்தை உறுத்தியது வேறொன்று. அந்த நிறுவனத்தின் விளம்பரத் தாள், முந்திய ஆண்டில் அதே சங்கத்தின் வெளிச்சுவரில் ஒட்டப்பெற்றிருந்ததை நானே கண்டிருக்கிறேன். கணக்கைப் பார்ப்பதே என் கடமை, சுவரைப் பார்ப்பது அன்று என எண்ணிக் கடந்து சென்றேன். ஆகவே, அம்மூதாட்டியாருக்கு நான் கடன்பட்டவன். அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையை, அவரைப் போன்ற எல்லா அங்கத்தினர்களும் அறியும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோசடிக்காரனின் கோட்டை எது?

பொருளைத் திருடுபவன் இருளில் ஒளிகிறான். பிறர் பணத்தை வைப்புத்தொகையாக வாங்கி ஏமாற்றுபவனோ பட்டப்பகலில், விளக்கேற்றி, நாற்காலி போட்டு, ரசீதும் கொடுத்தே வாங்குகிறான். அவன் ஒளிந்துகொள்ளும் இடம் எல்லைக் கோடு. ஒரு மாநிலத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்வான்; இன்னொரு மாநிலத்தில் பணம் திரட்டுவான்; மூன்றாவது மாநிலத்தில் நிலமும் கட்டடமும் வாங்குவான்; நான்காவது மாநிலத்தில் குடியிருப்பான். பணம் கொடுத்தவர் தம் ஊர்க் காவல் நிலையத்தில் முறையிட்டால், “நிறுவனம் இங்கே இல்லையே” என்ற விடை கிடைக்கும். நிறுவனம் இருக்கும் ஊருக்குச் சென்று முறையிட்டால், “பணம் கொடுத்தது இங்கே அன்றே” என்பார்கள். சொத்து இருக்கும் இடத்திலோ கேட்பாரே இரார்.

விவசாயிகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நாற்புறமும் முள்வேலி போட்டு, ஒரு மூலையில் மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால், அந்த வேலி இருந்தும் இல்லாததே. மாடு அந்த இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஒரு மாநிலத்தில் கடுமையான சட்டம், அதன் பக்கத்து மாநிலத்தில் சட்டமே இல்லை என்றால், அந்த இடைவெளியே மோசடிக்காரனின் கோட்டை. அதனை இடிக்க ஒரே வழிதான் உண்டு. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே செயல் ஒரே குற்றமாகக் கருதப்பட வேண்டும். ஒரு பக்கத்து அதிகாரி கேட்டால் மறுபக்கத்து அதிகாரி உதவ வேண்டும்.

நாடுகள் கற்ற பாடம்

இந்த உண்மையை உலக நாடுகள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெரியதோர் அநுபவத்தின் மூலம் கற்றுக்கொண்டன. 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில், ஹங்கேரி நாட்டுக் கர்னல் ஒருவர் போலியான பிரெஞ்சு ஆயிரம் பிராங்கு நோட்டை மாற்ற முயன்றபோது பிடிபட்டார். நூலைப் பிடித்து இழுக்க இழுக்கக் கண்டு உருண்டு வந்தது. அந்நோட்டுகள் ஹங்கேரியில் அச்சிடப்பட்டவை. அதில் ஈடுபட்டோருள் இளவரசர் பட்டம் தாங்கிய ஒருவரும், அந்நாட்டின் போலீஸ் தலைவருமே இருந்தனர். அச்சிட்டது ஒரு நாடு, மாற்ற முயன்றது மற்றொரு நாடு, நஷ்டம் மூன்றாவது நாட்டுக்கு!

தன் நாட்டு நோட்டைப் போலியாக அச்சிட்டால் கடுந்தண்டனை, பிறநாட்டு நோட்டை அச்சிட்டால் இலேசான தண்டனை என்ற வேற்றுமை அக்காலத்தில் பல நாடுகளின் சட்டங்களில் இருந்தது. பிரான்சு நாடு இவ்விஷயத்தைச் சர்வதேச சங்கத்தின் முன்வைத்தது. அதன் பயனாக 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஜினீவா நகரில் கள்ள நோட்டு ஒழிப்பு உடன்படிக்கை உருவாயிற்று. உள்நாட்டு நாணயம், வெளிநாட்டு நாணயம் என்று தண்டனையில் வேற்றுமை காட்டலாகாது என்பதும், ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென ஒரு மத்திய அலுவலகம் இருந்து மற்ற நாடுகளின் அலுவலகங்களோடு நேரே தொடர்பு கொள்ள வேண்டும் என்பதும் அதன் உயிர்நாடியான விதிகள். 1931ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் இவ்விஷயத்தில் முன்கூட்டியே விழிப்புடன் இருந்தது என்பது நமக்குப் பெருமை. 1899ஆம் ஆண்டில் சேர்க்கப்பெற்ற பிரிவிலேயே, ‘உலகின் எந்தப் பகுதியிலும்’ பாங்குத் தொழில் நடத்துவோர் வெளியிடும் நோட்டுகளும் அடங்கும் என்று எழுதப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் சட்டத்திலும் அவ்விளக்கம் தொடர்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ளவனின் நஷ்டத்தையும் தன் நஷ்டமாகக் கருதுவதே இவ்வகைச் சட்டத்தின் அடிப்படை. கூட்டுறவின் அடிப்படையும் அதுவேயன்றோ?

நம் மாநிலம் காட்டிய வழி

இனி, நம் வீட்டு விஷயத்திற்கு வருவோம். நாடுகளுக்கிடையே எழுந்த அதே சிக்கல், ஒரே நாட்டின் மாநிலங்களுக்கிடையேயும் எழுந்தது.

1990ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மூலைக்கு மூலை நிதி நிறுவனங்கள் தோன்றி, பெருவட்டி ஆசை காட்டி, மக்களின் பணத்தைத் திரட்டி, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஓய்வூதியம் பெற்றவர்கள், விதவைகள், நெசவாளர்கள், சிறு விவசாயிகள் எனப் பாதிக்கப்படாத வகுப்பினர் இல்லை. ஏமாற்றியவன்மீது வழக்குத் தொடரப் பழைய சட்டத்திலும் இடமிருந்தது. ஆனால், அவன் சிறைக்குச் சென்றாலும் பணம் திரும்பவில்லை. பணம் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியே சிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் இழந்தவர் வக்கீலுக்கு எங்கே போவார்?

இந்நிலையில்தான் 1997ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இச்சட்டம் மூன்று கருவிகளைத் தந்தது. முதலாவது, பணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்துகளையும், அப்பணத்தைக் கொண்டு பிறர் பெயரில் வாங்கிய சொத்துகளையும் முடக்கிவைக்க அரசுக்கு அதிகாரம். இரண்டாவது, அச்சொத்துகளைத் தம் பொறுப்பில் ஏற்றுக் காக்கத் தகுதிபெற்ற அதிகாரி ஒருவர். மூன்றாவது, இவ்வழக்குகளுக்கென்றே தனிக் கோர்ட்டு. சொத்து விற்கப்பட்டுக் கிடைக்கும் தொகையை, முந்தி வந்தவருக்கு முழுமையும் பிந்தி வந்தவருக்கு ஒன்றுமில்லை என்றில்லாமல், எல்லோருக்கும் அவரவர் வைப்புத்தொகைக்கேற்பப் பகிர்ந்தளிக்க இது வழிவகுத்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இதற்கான தனிக் கோர்ட்டுகள் இயங்கி வருகின்றன.

1999ஆம் ஆண்டில் மகாராஷ்டிரமும், 2004ஆம் ஆண்டில் புதுச்சேரியும், பின்னர் வேறு பல மாநிலங்களும் இதே சாயலில் சட்டங்கள் இயற்றின. இங்கே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இவ்வகைச் சட்டங்களில், சொத்து வேறு மாநிலத்தில் இருக்குமானால், அம்மாநிலத்தில் ‘ஒத்த சட்டம்’ ஒன்றின்கீழ் அமைக்கப்பட்ட கோர்ட்டில் நம் அதிகாரி மனுச் செய்துகொள்ளலாம் என்று விதி செய்யப்பட்டது. நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய பாவு முடியும் இடத்தில் புதுப் பாவைப் புணைக்கும்போது, இழைக்கு இழை, எண்ணிக்கை மாறாமல் இருந்தால்தானே புணைக்க முடியும்? இப்பக்கம் ஆயிரம் இழையும் அப்பக்கம் வெறுமையுமாக இருந்தால் எதனோடு எதனைப் புணைப்பது? ‘ஒத்த சட்டம்’ என்ற இரண்டு சொற்களில் இச்சட்டத்தின் பலமும் இருந்தது, பலவீனமும் இருந்தது.

ஒரே சட்டம், இரண்டு தீர்ப்புகள்

சட்டம் ஒத்திருந்தாலும் தீர்ப்பு ஒத்திருக்க வேண்டுமே! 2005ஆம் ஆண்டில் பம்பாய் ஹைகோர்ட்டின் முழு பெஞ்சு, இத்தகைய சட்டம் இயற்ற மாநில சட்டசபைக்கு அதிகாரம் இல்லை என்று மகாராஷ்டிரச் சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. 2007ஆம் ஆண்டில் சென்னை ஹைகோர்ட்டின் முழு பெஞ்சோ, ஏறத்தாழ அதே வடிவிலுள்ள தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஓர் எல்லைக்கு இப்பால் செல்லுபடியாகும் சட்டம், அப்பால் செல்லாக்காசு! மோசடிக்காரர்களுக்கு இதனினும் நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?

2011ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு இக்குழப்பத்திற்கு முடிவு கட்டியது. பாஸ்கரன் வழக்கு என்று சட்டம் பயின்றோர் கூறும் அவ்வழக்கில், தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றும், சிறுகச் சேர்த்த ஏழை, நடுத்தர மக்களின் பணத்தைக் காப்பது மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டதே என்றும் அது கருதியது. அடுத்த ஆண்டிலேயே புதுச்சேரி, மகாராஷ்டிரச் சட்டங்களும் செல்லுபடியாகும் என்று உறுதி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் நட்ட வேலிக்கால், இவ்வாறு மற்ற மாநிலங்களின் வேலிக்கும் ஆதாரமாயிற்று.

மாடு போன பின் வேலி

ஆயினும் எல்லா மாநிலங்களும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. அதனால் விளைந்த கேட்டிற்கு 2013ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்தில் நிகழ்ந்ததே சான்று. சாரதா என்ற பெயரால் இயங்கிய நிறுவனக் குழுமம், மேற்கு வங்கம், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம், திரிபுரா ஆகிய மாநிலங்களில் கிராமம் கிராமமாக ஏஜெண்டுகளை வைத்துப் பணம் திரட்டி, அவ்வாண்டு ஏப்ரலில் சரிந்தது. ஏஜெண்டுகள் பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்கள். தம் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் வாங்கிக் கொடுத்தவர்கள். அவர்களும் மக்களோடு சேர்ந்தே அழிந்தனர்.

வைப்பீட்டாளர் பாதுகாப்புக்கான புதிய மசோதாவை மேற்கு வங்க சட்டசபை, நிறுவனம் சரிந்த பின்னரே, அம்மாத இறுதியில் விசேஷக் கூட்டம் கூட்டி நிறைவேற்றியது. மாடு மேய்ந்துவிட்டுப் போன பின் போட்ட வேலி எனலாம். பல மாநிலங்களில் பரந்து கிடந்த அம்மோசடியை ஒரு மாநிலத்துப் போலீஸாரால் துருவ இயலாது என்று கண்ட சுப்ரீம் கோர்ட்டு, 2014ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் விசாரணையை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. மாநிலந்தோறும் வெவ்வேறு சட்டம் என்பது போதாது, நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது இத்தகைய அநுபவங்களால்தான்.

நாடு முழுமைக்கும் ஒரு வேலி

அவ்வெண்ணம் 2019ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அவ்வாண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அவசரச் சட்டமாகத் தோன்றி, ஜூலை மாதத்தில் பார்லிமெண்டின் சட்டமாக நிலைபெற்ற ‘ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம்’ அதுவே. பெயர் நீண்டதாயினும் கருத்து எளிது. அதனைச் சுருங்கக் கூறுகிறேன்.

முன்னைய சட்டங்கள், வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதபோதுதான் பாய்ந்தன. புதிய சட்டமோ, உரிய அதிகாரியின் கண்காணிப்புக்கு உட்படாத வைப்புத் திட்டத்தை நடத்துவதையே குற்றமாக்கிவிட்டது. அதற்கு விளம்பரம் செய்வதும், ஆள் சேர்ப்பதும், பணம் வாங்குவதும் தடை செய்யப்பட்டன. அத்தகைய திட்டத்தில் சேரும்படி பொதுமக்களைத் தூண்டினால் 1 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. பணம் வாங்கினால் 2 முதல் 7 ஆண்டுகள். வாங்கிய பணத்தை வஞ்சகமாகத் திருப்பித் தராவிட்டால் 3 முதல் 10 ஆண்டுகள். இவை ஒவ்வொன்றுடனும் பெருந்தொகை அபராதமும் உண்டு. வட்டி ஒழுங்காக வருகிறதே என்று காத்திருக்க வேண்டுவதில்லை. அநுமதியின்றி வாங்கிய அன்றே அது குற்றம்.

முடக்கிய சொத்தைப் பற்றித் தகுதிபெற்ற அதிகாரி சாதாரணமாக 30 நாள்களுக்குள் கோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். கோர்ட்டு அம்மனுவை 180 நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும். கடன் மீட்புச் சட்டத்திலும் திவால் சட்டத்திலும் கூறப்பட்டவை நீங்கலாக, மற்றக் கடன்களுக்கும் அரசுக்குச் சேரவேண்டிய வரிகளுக்குங்கூட முன்னதாக, வைப்பீட்டாளரின் பணமே தரப்பட வேண்டும். அரசு தன் வரியையும் பின்னுக்கு வைத்து ஏழையின் சேமிப்பை முன்னுக்கு வைத்தது போற்றத்தக்கதே.

எல்லையைப் பற்றிய விதியே நமக்கு முக்கியம். பணம் கொடுத்தவர்களோ சொத்துகளோ ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இருந்தாலும், இந்தியாவுக்கு வெளியே இருந்தாலும், விசாரணையை மத்திய புலனாய்வுத் துறைக்கு அனுப்புவதற்கு இச்சட்டத்தில் வழியுண்டு. ஒரு மாநிலத்து அதிகாரி பெற்ற தகவலைத் தம் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொள்ளலாகாது. உரியவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். பாங்குகள், கூட்டுறவு பாங்குகள் உட்பட, தம் வாடிக்கையாளர் ஒருவர் அநுமதியின்றி வைப்புத்தொகை திரட்டுகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், தகுதிபெற்ற அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கூட்டுறவு பாங்குகளின் காரியதரிசிகள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். உறவினரிடம் வாங்கும் கைமாற்று, சரக்குக்காக நூல் வியாபாரியோ மண்டிக்காரரோ முறைப்படி தரும் முன்பணம் ஆகியவற்றை இச்சட்டம் தடுக்கவில்லை. பதிவு பெற்ற சீட்டும் தடுக்கப்படவில்லை. எனவே, நேர்மையாகத் தொழில் நடத்துவோர் அஞ்ச வேண்டுவதில்லை.

கூட்டுறவு என்ற பெயரைக் கண்டு மயங்கலாமா?

நம் பத்திரிகையில் இதனைக் கூறத் தயங்குவது முறையாகாது. கூட்டுறவு என்ற புனிதமான பெயரே சில சமயங்களில் முகமூடியாகப் பயன்பட்டிருக்கிறது. ஒரு மாநிலத்திற்குள் இயங்கும் சங்கத்தை அம்மாநிலப் பதிவாளர் கண்காணிக்கிறார். பல மாநிலங்களில் இயங்கும் சங்கத்தை, 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியப் பதிவாளர் கண்காணிக்கிறார். அத்தகைய சங்கத்தின் கிளை நம் தெருவில் இருக்கும்; தலைமை அலுவலகம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும். மகாசபைக் கூட்டம் எங்கே, எப்போது நடந்தது என்பதை இங்குள்ள அங்கத்தினர் அறியார்.

சஹாரா குழுமத்தைச் சார்ந்த நான்கு பன்மாநிலச் சங்கங்களின் வரலாறு யாவரும் அறிந்தது. லக்னோ, போபால், கல்கத்தா, ஐதராபாத் ஆகிய நான்கு நகரங்களில் அவற்றின் தலைமையிடங்கள்; பணம் கட்டியவர்களோ நாடெங்கும். அவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்காக ரூ. 5,000 கோடியை மத்தியப் பதிவாளரிடம் ஒப்படைக்கும்படி 2023ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் அதற்கென விண்ணப்பிக்கும் இணையதளமும் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பன்மாநிலச் சங்கச் சட்டமும் திருத்தப்பட்டு, அங்கத்தினரின் முறையீட்டைக் கேட்கக் கூட்டுறவுக் குறைதீர்ப்பாளர் என்ற பதவி ஏற்படுத்தப்பட்டது.

2019ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சேர்ந்து வந்த விதி ஒன்றை ஒவ்வோர் அங்கத்தினரும் மனத்திற் கொள்ள வேண்டும். பன்மாநிலச் சங்கம், வாக்குரிமை உள்ள அங்கத்தினர்களிடமிருந்து மட்டுமே வைப்புத்தொகை பெறலாம். பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு, ‘பெயரளவு அங்கத்தினர்’ என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, மகாசபையில் வாக்குரிமை தராமல் வைப்புத்தொகை மட்டும் கேட்பவரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாக்கு இல்லாத இடத்தில் கூட்டுறவு இல்லை. கூட்டுறவு இல்லாத இடத்தில் அப்பெயர் இருந்து பயனென்ன?

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவன

சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், அது தானே எழுந்து நடக்காது. அதனை நடக்கச் செய்பவர் பணம் கொடுத்தவரே. ஆகவே, கீழ்க்கண்டவற்றை அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டுகிறேன்.

1. பதிவு வேறு, அநுமதி வேறு. ஒரு கம்பெனி பதிவு செய்யப்பட்டது என்பதாலோ, வரி எண் பெற்றது என்பதாலோ பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் உரிமை அதற்கு வந்துவிடாது. “வைப்புத்தொகை வாங்க யார் அநுமதி தந்தார்கள்? அக்கடிதம் எங்கே?” என்று கேளுங்கள். கேட்டவுடன் கோபிப்பவரிடம் பணம் கொடாதீர்கள்.

2. ரசீது, விளம்பரத் தாள், பாங்கி மூலம் பணம் அனுப்பிய ஆதாரம், ஏஜெண்டின் கையொப்பம் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். “புது ரசீது தருகிறோம், பழையதைக் கொடுங்கள்” என்று கேட்டால் கொடாதீர்கள். மூலத்தைக் காவல் துறைக்குத் தரும்போதும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்புதல் பெற்றே தர வேண்டும்.

3. தவணை தவறியவுடன் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருப்பினும், நீங்கள் இருக்கும் இடத்தில் புகார் தரத் தயங்க வேண்டா. காலம் கடத்தினால் சொத்து கைமாறும். முடக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

4. ரிசர்வ் பாங்கி 2016ஆம் ஆண்டு முதல் ‘சச்சேத்’ என்ற இணையதளத்தை நடத்தி வருகிறது. அதன் மூலம் இன்ன நிறுவனம் வைப்புத்தொகை வாங்க அநுமதி பெற்றதா என்று பார்க்கலாம், முறையீடும் அனுப்பலாம். நமக்கு அது பழக்கமில்லையெனில், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஒரு நாழிகையில் பார்த்துச் சொல்வார்கள்.

5. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாந்தது குற்றமன்று. ஒருவர் மறைப்பதால் அடுத்த தெருவில் பத்துப் பேர் ஏமாறுகிறார்கள். பலர் சேர்ந்து புகார் தரும்போது, திரட்டப்பட்ட மொத்தத் தொகையும் மோசடியின் உருவமும் அதிகாரிகளுக்குத் தெளிவாகப் புலப்படும்.

6. நிர்வாகக் குழுவினரும் காரியதரிசிகளும், சங்கத்தின் சுவரிலோ வாயிலிலோ பிற நிறுவனங்களின் வைப்புத் திட்ட விளம்பரம் எதனையும் அநுமதிக்கலாகாது. சங்கத்தின் சுவரில் ஒட்டிய தாளைச் சங்கமே உத்தரவாதம் செய்ததாகவே அங்கத்தினர் எண்ணுவர். அது இயல்பு. அப்படி எண்ணியதாலேயே இழந்தவர்களை நான் அறிவேன்.

அம்மூதாட்டியாருக்கு விடை

இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றேன். இம்முறை கணக்குப் பார்ப்பதற்காக அன்று. அம்மூதாட்டியாரின் தறிக்குழியருகே அமர்ந்து, நான் விசாரித்தறிந்ததைக் கூறினேன். “பணம் எல்லை தாண்டிப் போனது மெய்தான், அம்மா. ஆனால், சட்டமும் இப்போது எல்லை தாண்டிப் போகும். அதற்கு முதலில் உங்கள் கையெழுத்து வேண்டும்” என்றேன். அவர் நாடாவைக் கையிலிருந்து கீழே வைத்தார். “என் ஒருத்தியின் கையெழுத்து போதுமா?” என்று கேட்டார். போதாது, பலர் வேண்டும் என்றேன். மறுநாள் அவர் தம் தெருவிலேயே பதினொரு பேரைத் திரட்டிவிட்டார். அதுவரை ஒருவர் இழந்ததை மற்றவர் அறியாமல், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற்குள்ளேயே புழுங்கிக் கொண்டிருந்திருக்கிறார்கள். பன்னிரண்டு ரசீதுகளோடு அவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தனர்.

பணம் திரும்பிவிட்டதா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை, இன்னும் விசாரணை நடைபெற்று வருகிறது. பேத்தியின் கல்யாணமும் தள்ளிப் போயிருக்கிறது. நிறுவனத்தின் சொத்து எவ்வளவு எஞ்சியிருக்கிறதோ அந்த அளவுக்கே எவருக்கும் கிடைக்கும் என்பதையும் நான் அவர்களிடம் மறைக்கவில்லை. சட்டம் இழந்ததை மீட்டுத் தர முயலுமேயன்றி, இழக்காமல் காக்கும் பொறுப்பை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளாது.

எனினும், “எல்லை தாண்டிய பணத்திற்கு ஒன்றும் செய்ய முடியாது” என்ற பேச்சு இனி எடுபடாது. ஹேக் நகரில் பிடிபட்ட ஒரே ஒரு கள்ள நோட்டு, நாடுகளை ஒரு மேஜையருகே உட்கார வைத்தது. நம் மாநிலம் 1997இல் இயற்றிய சட்டத்தின் வழியைப் பற்றிப் பல மாநிலங்கள் நடந்தன. 2019இல் நாடு முழுமைக்கும் ஒரே வேலி அமைந்தது. வேலி போட்டாயிற்று. அதில் எங்கே முள் விலகியிருக்கிறது என்று கண்டு கூறும் கடமை, அன்றாடம் அவ்வழியே நடக்கும் நம்முடையது.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறேன். தம் சங்கத்தின் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அங்கே ஒட்டத் தகாத தாள் ஏதேனும் இருக்குமானால், அதனைக் கிழித்தெறியாமல் பத்திரமாக எடுத்துக் காரியதரிசியிடம் கொடுத்து, உரிய அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். நான் முன்பு செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்களானால், அம்மூதாட்டியாருக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீர்ந்ததாகக் கருதுவேன்.